அப்பா தண்ணி கட்டச் சொன்னார்

எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் இத்தனை பேர் இருக்கும்போது நான் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். பழைய மாணவர் மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று குழுவில் செய்தி வந்தபோது, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாகப் பழகிய வேலை. உங்களில் பலருக்கு என் முகம் நினைவிருக்கலாம், குரல் நினைவிருக்காது.

பிறகு மற்றவர்கள் எழுதி அனுப்பியதை எல்லாம் படித்தேன். எல்லாரும் அவரவர் அப்பாவைப் பற்றி எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள்! சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போன அப்பா, சம்பள நாளில் மீ கோரேங் பொட்டலம் வாங்கி வந்த அப்பா. படிக்கப் படிக்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நல்ல காரணம் இல்லைதான், ஆனால் அதுதான் காரணம்.

நாம் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது மழை பெய்யாமல் போன அந்தச் சில மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கிள்ளானில் மழை பெய்யவில்லை என்று சொன்னால் இப்போது பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வாரத்தில் பாதி நாள் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணி லோரி ஹாரன் அடித்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பள்ளிக் கழிவறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். வானம் துவைக்காத வெள்ளைச் சட்டை மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மின்சாரக் கோபுரங்கள் வரிசையாக நிற்கும் வெட்டவெளி இருந்ததே, அங்கேதான் எங்கள் தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கம்பிகளுக்குக் கீழே யாரும் வீடு கட்டக் கூடாது, கீரை போடலாம். அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் ஷிப்டு வேலை. மீதி நேரம் முழுக்க அங்கேதான் இருப்பார். கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய். அம்மா விடியற்காலையில் பாசாருக்குக் கொண்டுபோய் விற்பார். எங்களுக்கு அடுத்த தோட்டம் ஒரு சீன அங்கிளுடையது. தலைப்பாகை மாதிரி ஒரு துண்டைத் தலையில் கட்டியிருப்பார். அப்பாவும் அவரும் சேர்ந்து ஒரு பெட்ரோல் பம்பு வாங்கியிருந்தார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், முன்பு செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளத்திலிருந்து. அது குட்டையாகிக் கிடந்தது. மழை இருந்தவரை யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். மழை நின்றதும் அங்கிளும் அப்பாவும் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அவருக்கு, மறுநாள் எங்களுக்கு.

குட்டைக்கும் எங்கள் பாத்திகளுக்கும் நடுவே ஒரு மேடும், ஆள் உயர லாலாங் புல்லும். பம்பின் குழாய் சேற்றை இழுத்துவிடாமல் அப்பா குட்டைப் பக்கமே நின்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கிருந்து பாத்தி தெரியாது. அதனால் வாய்க்காலை அடைத்துத் திறக்கும் வேலை எனக்கு. ஒரு பாத்தியில் தண்ணீர் ஏறியதும், "ஆச்சுப்பா!" என்று கத்துவேன். அப்பா பம்பைக் குறைப்பார். நான் அடைப்புப் பலகையைப் பிடுங்கி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திரும்பும்படி வாய்க்காலில் செருகிவிட்டு, "விடுப்பா!" என்று கத்துவேன். துறைமுகத்தில் உடைத்துப் போட்ட பெட்டியின் பலகை அது. அதில் ஒரு குடைப் படம் அச்சடித்திருந்தது. நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம். அதைத்தான் நாள் முழுக்கத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தோம்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய்க்குள்ளேயே "உள்ளேன்" சொல்லும் நான், அங்கே மேட்டைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினேன். தலைக்கு மேலே கம்பிகள் ரீங்கென்று இரைந்துகொண்டே இருக்கும். அதையும் தாண்டிக் கத்த வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்பா என் சொல்லுக்குக் கட்டுப்படுவார். அந்த வயதில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் ஊர் மாமா வந்தார்.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இராமநாதபுரம் பக்கத்து ஆள். பெர்மிட்டில் வந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாமல் தட்டு கழுவ முடியுமா? உணவகத்தைத் தற்காலிகமாக மூடிவிட்டார்கள். போக இடமில்லாமல் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த அன்று சாயங்காலமே தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி நின்றார்.

"என்னா தம்பி, பிடிச்சிருக்கா?" என்றார் அப்பா.

"மச்சான், இது பஞ்சமா? எங்க கண்மாய் ஐப்பசியிலயே இப்படி இருந்தாக் கெடா வெட்டிப் பொங்கல் வைப்போம்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அப்பா கிள்ளானில் பிறந்தவர். ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய அப்பாவும் இராமநாதபுரத்துச் சீமையில் மாமாவின் ஊரிலிருந்து வந்தவர்தான் என்பதால், ஊர்க் கண்மாயைப் பற்றி அவ்வளவு கதை சொல்வார். மாமா வந்த பிறகு ராச்சாப்பாடு முழுக்க அதே பேச்சு.

"உங்க கண்மாய்ல ஏழு மடை உண்டாமே?" என்று ஒரு நாள் கேட்டார்.

"யாரு மச்சான் சொன்னா? ரெண்டே மடை. அதுல ஒண்ணு தூந்து போய்க் கெடக்கு. இன்னொண்ணுல ஆடு படுத்திருக்கும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்பாவுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அப்பா அவரை இன்னும் ஒட்டிக்கொண்டார். நாங்கள் மண்வெட்டியைச் சங்கூல் என்றுதான் சொல்வோம். மாமா மம்பட்டி என்பார். ஒரு வாரத்தில் அப்பாவும் மம்பட்டி என்றார். "என்னா" போய் "என்னய்யா" வந்தது. தன்னுடைய ரப்பர் பூட்ஸை மாமாவுக்குக் கொடுத்துவிட்டு அப்பா வெறுங்காலோடு நின்றார். எனக்கு அந்தப் பூட்ஸைப் போட்டுப் பார்க்கக்கூட அனுமதி இருந்ததில்லை.

வாய்க்கால் வேலையும் மாமாவிடம் போனது. அவருக்குப் பலகை வேண்டாம். பம்பைக் குறைக்கவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் நின்றுகொண்டு காலாலேயே மண்ணைத் தள்ளி ஒரு வாயை அடைப்பார், குதிகாலால் அடுத்ததைத் திறப்பார். தண்ணீர் நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னால் போகும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

"இனிமே நீ வெயில்ல நிக்க வேணாம்மா. அதான் மாமா இருக்காருல்ல," என்றார் அப்பா. எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்து, தலையைத் தடவிவிட்டும் போனார். நான் மின்கோபுரத்தின் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆளுடைய குதிகாலைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் மாமா என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார். "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கும் ஊரிலிருந்து வாட்ஸ்ஆப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறார், ரோஜாப்பூவோடு. நானும் பதில் வணக்கம் போடுகிறேன். பூ போடுவதில்லை.

இனி அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். அம்மா பாசாருக்குப் போயிருந்தார். அப்பாவுக்குக் காலை ஷிப்டு. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமாவிடம் உரக்கச் சொன்னார்:

"தம்பி, இன்னிக்குத் தண்ணி கட்டிடு. மறந்துடாத லா. இன்னிக்குத்தான் கடைசி நாள்!"

உங்களுக்குப் புரிந்திருக்கும். லைட் கட்டியாச்சா, தண்ணி கட்டியாச்சா என்று நாம் கேட்டால் பில்லைத்தான் கேட்கிறோம். பில் அம்மாவின் கைப்பையில் இருந்தது. அம்மா வந்ததும் அதை வாங்கிக்கொண்டு போஸ்ட் ஆபிஸ் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாமாவின் ஊரில் தண்ணி கட்டுவது என்றால் பயிருக்குப் பாய்ச்சுவது. மாமா வாயில் நுரையோடு என்னைப் பார்த்தார்.

"கடைசி நாளா? அப்ப குட்டை அம்புட்டுத்தானா ஆத்தா?"

"இல்ல மாமா. பில்லு. தண்ணி பில்லு. போஸ்ட் ஆபிஸ்ல," என்றேன். வீட்டில் என் குரல் அவ்வளவுதான் வரும்.

"தண்ணி கட்டுறதுக்கு எதுக்கு ஆத்தா போஸ்டாபிசு? கடுதாசி போட்டாத் தண்ணி வந்துருமா?" சிரித்துக்கொண்டே வாயைக் கொப்பளித்துவிட்டு, மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். இன்னொரு முறையும் சொன்னேன். இன்றைக்கு அங்கிள் முறை என்றும் சொன்னேன். அதற்குள் அவர் பம்பு கயிற்றை இழுத்துவிட்டார். அந்தச் சத்தத்தில் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை.

குழாய் சேற்றுக்குள் போகாமல் ஒரு கட்டையில் கட்டி வைத்துவிட்டு மாமா பாத்திக்கு ஓடினார். பாதித் தோட்டம் பாய்ந்திருக்கும்போது அங்கிள் இரண்டு காலி வாளிகளோடு வந்தார்.

"ஓய்! இனி ஹாரி சாயா பூன்யா லா!" இன்றைக்கு என் முறை என்று மலாயில் கத்தினார்.

மாமாவுக்கு மலாய் தெரியாது. பாராட்டுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, "ஆமா பாஸ், நல்லாப் பாயுது!" என்று கையை ஆட்டினார்.

அங்கிள் வாளிகளைப் போட்டுவிட்டு வாய்க்காலை அடைக்க இறங்கினார். அவ்வளவுதான், மாமாவின் முகம் மாறிப்போனது. அதுவரை அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. மம்பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மடையில கை வச்ச, வெட்டிப்புடுவேன்!"

அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மம்பட்டியைத் தெரியும். அப்படியே நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அங்கிளின் சட்டையைப் பிடித்து, இவர் தப்பாகப் புரிந்துகொண்டார், அப்பா வந்து பேசுவார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு போனார். மாமா மீதிப் பாத்திகளையும் பாய்ச்சி முடித்தார்.

சாயங்காலம் அப்பா போய் அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்து வரும் உங்களுடைய இரண்டு முறையும் எனக்கு என்றார் அங்கிள். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். குட்டை ஏற்கெனவே கணுக்கால் அளவுக்குப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் கோபம் என் பக்கம் திரும்பியது.

"நீ பக்கத்துலதானே இருந்த? வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன? எப்பப் பாத்தாலும் ஊமை மாதிரி!"

"பாப்பா சொல்லுச்சு மச்சான்," என்றார் மாமா. "ரெண்டு தடவை சொல்லுச்சு. எனக்குத்தான் வெளங்கல."

"நீ சும்மா இருய்யா. நீ ஊருக்குப் புதுசு, உனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொன்னதற்குக்கூட அவருக்குத்தான் நல்ல பெயர். நான் சொன்னதும் அதே உண்மைதான். சாப்பிடாமல் போய்ப் படுத்தேன். யாரும் வந்து எழுப்பவில்லை.

இரண்டு முறை போனதில் கீரை முழுக்கக் கருகிவிட்டது. வெண்டையும் போயிற்று. மிஞ்சியது, அம்மா வீட்டுப் பின்புறம் பழைய தட்டுகளில் போட்டு வைத்திருந்த கத்தரி, மிளகாய் நாற்றுகள்தான். குளித்த தண்ணீரை ஊற்றி அம்மா அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். அதை நட்டுப் பிழைக்க வைத்தால்தான் இனி பாசாரில் உட்கார முடியும். குட்டையில் இன்னும் ஒரு முறைக்குத்தான் தண்ணீர் இருந்தது.

"மச்சான், உங்க பாத்தியே தப்பு," என்றார் மாமா. "மேடு கட்டி மேல நடுறீங்க. விடுற தண்ணி பூராம் வழிஞ்சு பள்ளத்துக்குப் போகுது. பள்ளத்துல நடணும். சுத்தி வரப்புப் போடணும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

நம் பக்கம் எல்லாரும் மேடு கட்டித்தான் நடுவோம். அந்த அங்கிளும் அப்படித்தான், கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களிலும் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் கைகளால் கட்டிய மேடுகள் அவை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, இரண்டு பேரும் சேர்ந்து எல்லா மேட்டையும் வெட்டிக் குழியாக்கினார்கள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வரப்பு போட்டு, ஈரக் கையால் தட்டித் தட்டி மெழுகினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக்கு அறை பிரித்த மாதிரி அழகாக இருந்தது. அங்கிள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"ஹூஜான் மாச்சாம் மானா?" என்று கேட்டார். மழை வந்தால் எப்படி என்கிறார்.

"மானா அடா ஹூஜான்?" என்று அப்பா வானத்தைக் காட்டிச் சிரித்தார். மழை எங்கே இருக்கிறது!

அன்று அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. ஏழு மடைக் கண்மாயை வாய்வழியாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். மாமாவோ, ஆடு படுத்த மடையாக இருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்தவர். அப்பாவும் மாமாவின் குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பார்த்த அதே கண்ணோடு. அதை அன்றே கண்டுபிடித்திருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்காது.

கடைசித் தண்ணீரை அவர்கள் பாய்ச்சும்போது நான் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு நாற்றுகூடத் தலை சாயாமல் நிற்கிறது என்று வியந்து சொன்னார். தம்பி கைராசிக்காரன் என்றார். நான் கணக்குப் பாடத்தில் தலையை விட்டுக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், டீ நேரம். கிள்ளான் மழை எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காற்று. ஒரு கதவு அடித்துக்கொண்டது. துணி எடுக்க அம்மா பின்பக்கம் போவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. அத்தனை மாதத்து மழையும் சேர்ந்து வந்த மாதிரி. தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கத்தவில்லை. வாசலில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மாமாவும் இன்னொன்றோடு ஓடினார். நானும் போனேன்.

ஒவ்வொரு பாத்தியும் தொட்டி மாதிரி நிரம்பிக்கொண்டிருந்தது. நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அங்கிள் தோட்டத்தில் மேடுகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, வரப்ப வெட்டு! நாத்து அழுகிப் போயிரும்! அந்தப் பக்கம் வெட்டு!" என்று அப்பா முதல் வரப்பை வெட்டிக்கொண்டே கத்தினார்.

மாமா மம்பட்டியை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். இறக்கினார். மறுபடி ஓங்கினார்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? வெட்டு!"

"நிக்கிற தண்ணிய எப்படி மச்சான் வெட்டி விடுறது?" அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கை வர மாட்டேங்குது மச்சான்."

அவர் ஊரில் வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டால் வெட்டியவன் வீட்டில் விளக்கு எரியாது என்று அவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது சிரிக்கவில்லை. நான் அவர் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினேன். அவர் விட்டுவிட்டார். என் இடுப்புக்கு மேல் இருந்தது அதன் பிடி. முதல் வெட்டு வழுக்கியது. இரண்டாவதில் மண் பெயர்ந்து, பாத்தித் தண்ணீர் என் காலை இடித்துக்கொண்டு ஓடியது. அடுத்தது. அதற்கடுத்தது. அப்பா அந்தக் கோடியிலிருந்து வந்தார், நான் இந்தக் கோடியிலிருந்து போனேன். நடுவில் சந்திக்கப்போகிறோம் என்று தெரிந்தது. கை எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருஷத்தில் இருந்ததே இல்லை.

இன்னும் ஒரு பாத்திதான் பாக்கி. நிமிர்ந்து பார்த்தேன். அந்த வரப்பின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். கோழி அடைகாப்பது மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். "எங்கப்பன் இம்புட்டுத் தண்ணியில ஒரு சட்டிகூடப் பாக்காமப் போய்ட்டாரு மச்சான்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பா என்னை நோக்கி வரவில்லை. மம்பட்டியைச் சேற்றில் போட்டுவிட்டு அவரிடம் போனார். அந்த வரப்பை அவரும் வெட்டவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, மாமாவின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் நனைந்துகொண்டு, அந்த ஒரு பாத்தியில் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்று முழுகிவிட்டது. நான் மம்பட்டியோடு நின்றேன். அப்பா திரும்பினார். நான் வெட்டியிருந்த வரப்புகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நனையாதம்மா. வீட்டுக்குப் போ," என்றார்.

மறுநாள் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பா எம்.சி. லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் அவர் பக்கத்தில் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போனேன்.